கிருபக்காவின் ஆயிரம் புளியங்கொட்டை

போன செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, நம் சபையின் வாட்ஸாப் குழுவில் போதகர் ஐயாவின் செய்தி வந்தது. "சகோதரி கிருபையம்மாள் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான் மறுபடி படிப்பதற்குள் அதன் கீழே வரிசை கட்டிவிட்டார்கள். "ஸ்தோத்திரம்." "ஸ்தோத்திரம் ஐயா." "ஆமென், அல்லேலூயா." ஒருவர் கைதட்டும் படமே போட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு மனுஷி செத்துப்போயிருக்கிறாள், இவர்களுக்குக் கைதட்டலா என்று நாலு வரி காரசாரமாக எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்லும் இந்த வியாதியை நம் சபைக்குள் கொண்டுவந்தவரே கிருபக்காதான். அவர் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஸ்தோத்திரம் அவருடையதாக இருந்திருக்கும். எழுதியதை அழித்துவிட்டு நானும் ஒரு ஸ்தோத்திரம் போட்டேன். பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

சபையாரில் இளையவர்களுக்கு அவரைக் கடைசி வரிசை நாற்காலியில் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியாகத்தான் தெரியும். எனக்கு அவர் எதிரணி. கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ்மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை பார்த்தவர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை ஒரு வாரம் அவரும் மறு வாரம் நானுமாகப் பல வருடங்கள் நடத்தினோம். அதாவது பல வருடங்கள் சண்டை போட்டோம்.

நான் யுத்த ஜெபக்காரன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை; அப்போது பார்த்திருக்க வேண்டும். சாத்தானே உன்னைக் கட்டுகிறேன், துரத்துகிறேன், நொறுக்குகிறேன் என்று ஆரம்பித்தேன் என்றால் பக்கத்து டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார். போட்டி போட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பிசாசின் தலையை மிதித்ததில் ஜெப வீட்டின் கடப்பைக்கல் ஒன்று விரிசல் விட்டது. மூன்றாவது வரிசைப் பாயைத் தூக்கிப் பார்த்தால் இன்றும் இருக்கிறது. பிசாசுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்குக் குதிகாலில் பத்து நாள் வீக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் கிருபக்கா என்னைக் கூப்பிட்டார். முன்னால் பாயில் புளியங்கொட்டைகள் இரண்டு குவியலாக இருந்தன.

"தம்பி, இதுல நாப்பத்தி மூணு கீது. நீ சாத்தான் பேரச் சொன்னது. இதுல பதினொண்ணு. கர்த்தர் பேரு. இன்னிக்கிக் கூட்டத்துக்கு யாரு வந்தாங்கன்னு நெனைக்கிற?"

"அக்கா, யுத்தம்னா எதிரி பேரச் சொல்லித்தான் ஆவணும்."

"வூட்டுக்கு விருந்தாளி வந்து குந்திக்கினு கீறாரு. அவரக் கவனிக்காம நீ வாசல்ல நாய வெரட்டிக்கினே இருந்தா இன்னா அர்த்தம்? அவரு எழுந்து போயிட்டாருன்னா அப்பறம் நீயும் நாயுந்தான்."

வீங்கிய குதிகாலை இழுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் புளியங்கொட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ஸ்தோத்திர பலி என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிசையாகப் படிப்பார்கள். கிருபக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் தன் ஆயிரத்தைத் தானே தயாரித்துக்கொண்டார். துணிப்பையில் ஆயிரம் கொட்டை. மடியில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லி மறுபடி பைக்குள் போடுவார். அதற்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் நம் சபைச் சட்டங்களைவிடக் கடுமையானவை. சொன்னதையே அன்றைக்கு மறுபடி சொல்லக் கூடாது. நடுவில் வேறு பேச்சுப் பேசக் கூடாது. எண்ணிக்கை கெட்டால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதும் காலையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது, எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். வெயிலுக்கு ஸ்தோத்திரம், களத்துக்கு ஸ்தோத்திரம், நெல் கிளறும் பலகைக்கு ஸ்தோத்திரம், பலகையின் பிடிக்கு ஸ்தோத்திரம் என்று போகும். எண்ணூறுக்கு மேல் சரக்குத் தீரும்போது மில் மோட்டாரின் போல்ட், நட்டுவரைக்கும் இறங்கிவிடுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார். மில் முதலாளிக்கும் அதே விரல்தான்.

அவருடைய யுத்த சாஸ்திரமே அந்தப் பைதான். வேதத்தில் ஒரு ராஜா பட்டாளத்துக்கு முன்னால் பாடகர்களை அனுப்பிய கதையை அடிக்கடி சொல்வார். "பாட்டுக்காரங்க முன்னால போனாங்க. கத்தி வச்சிருந்தவன் பின்னால போனான். போயிப் பாத்தா எதிரிங்க ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கினு கெடக்கறானுங்க. கத்திக்காரனுக்கு வேலையே இல்ல. தம்பி, நீ கத்தி. பின்னால வா." இதைச் சபை நடுவில் சொல்வார்.

எல்லா நேரமும் அவர் ரசிக்கும்படி இருந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். கிருபக்காவுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. என் கடைப் பூட்டை உடைத்துத் திருடர்கள் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது, விசாரிக்க வந்த அக்கா காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கோலு கீதே, ஸ்தோத்திரம்" என்றார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அந்த மாதம் முழுக்க, நான் பேசாமல் இருப்பதற்கும் தினமும் ஒரு கொட்டை போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இனி என் கல்யாணக் கதை. நான் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் ஒரு பகுதியை இதுவரை விட்டுவிட்டே சொல்லி வந்திருக்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எப்போது பஸ் ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பெண்ணுக்கு ஊர் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை. அவளுடைய அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் அவர்கள் ஜெப வீட்டில். ஏற்கெனவே இரண்டு தேதி குறித்து இரண்டும் தட்டிப்போயிருந்தது. ஒன்று என் சித்தப்பா சாவு, இன்னொன்று எனக்கு அம்மை. மூன்றாவது தேதி குறிக்கும்போது வாத்தியார் நேராகவே சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் வரலைன்னா எம் பொண்ணுக்கு வேற எடம் பாத்துடுவேன். கோச்சிக்காதீங்க." பின்னால் நின்றிருந்த சுகந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் கல்வராயன் மலையைத் தலைகீழாக ஏறியிருப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ஜெப வீட்டில் வழியனுப்பு ஜெபம். மலைப்பாதையில் விபத்து எதுவும் நேரக் கூடாதே என்ற கவலையில் நான் யுத்தத்தில் இறங்கினேன். "நாளை காலை அந்தச் சாலையில் எங்களுக்கு விரோதமாக ஒரு சக்கரமும் உருளாதிருப்பதாக! ஒரு லாரியும், ஒரு பஸ்ஸும் அசையாதிருப்பதாக!" என்று தொண்டை கிழியக் கட்டளையிட்டேன். சபை முழுவதும் ஆமென் போட்டது.

விடிந்து பார்த்தால் ஒரு லாரி ஓடவில்லை, ஒரு பஸ் ஓடவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வாடகை வேனில் இருபது பேர் ஏறிக் கச்சிராயபாளையம் நெருங்கும்போது, நம் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. "நீ வாயத் தொறந்த, ரோடு மூடிக்கிச்சி" என்றார் போதகர் ஐயாவின் மனைவி. "ஜெபத்தத் திருப்பி வாங்கிக்க முடியுமா பாரு தம்பி." கோட்டு சூட்டில் நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன். சொந்தக் கல்யாணக் கோட்டைச் சொந்தமாகத் தைத்ததில் அக்குள் வேறு பிடித்தது.

கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் முப்பது நாற்பது பேர். கையில் அரிவாள், கோடாலி. நாங்கள் காலனிக்காரர்கள். அவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். அந்த நாட்களில் அதற்கு மேல் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் தாலிச்சரட்டை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்கள். டிரைவர் ரிவர்ஸ் கியரைத் தேடினார். பின்னாலும் ஒரு மரம் விழும் சத்தம் கேட்டது.

இங்கேதான் நான் விட்டுவிட்டுச் சொல்லும் பகுதி வருகிறது. இறங்கி எல்லோரும் ஒழுங்காகப் பேசினோம் என்றுதான் சொல்வேன். உண்மையில் நான் என்ன செய்தேன் என்றால், வேன் படியில் நின்று, அந்த மனிதர்களுக்கு நேராகக் கையை நீட்டி, "அந்தகார வல்லமைகளே, உங்களைக் கட்டுகிறேன்!" என்று கத்தினேன்.

முன்னால் நின்ற ஆள் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினார். நாற்பது வயதிருக்கும். பெயர் ஏழுமலை என்பது பிறகு தெரிந்தது. "யார்றா அது, யாரக் கட்டறவன்?" என்று கேட்டபடி வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்தது. வேனை உலுக்கினார்கள். ஒருவன் உள்ளே ஏறிச் சாமான்களைக் கிளறினான். முன் சீட்டில் கிருபக்கா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, கொட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "பையில இன்னா? கல்லு கொண்டாந்து கீறீங்களா?" என்றான். அவர் ஒரு விரலை உயர்த்தினார். அவன் பையைப் பிடுங்கித் தார்ச்சாலையில் கவிழ்த்தான். மடியில் இருந்ததும் சேர்ந்து சிதறியது.

புளியங்கொட்டைகள் நாலாபக்கமும் உருண்டு ஓடின. கல்லை எதிர்பார்த்து நின்றவர்கள் கீழே பார்த்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தார்.

"அறுநூத்தி நாப்பது" என்றார். "இப்ப ஒண்ணுலேர்ந்து சொல்லணும்."

"இன்னா ஒண்ணுலேர்ந்து?" என்றார் ஏழுமலை.

அக்கா வேனிலிருந்து இறங்கி, வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்து, அவருக்குச் சட்டதிட்டங்களை முழுவதுமாக விளக்கினார். நடுவில் பேசக் கூடாது, சொன்னதைச் சொல்லக் கூடாது, எல்லாம். கோடாலியோடு நின்ற மனிதர் வாய் திறக்காமல் கேட்டார். கடைசியில் பையைக் கவிழ்த்தவனைப் பார்த்து, "பொறுக்கிக் குட்றா" என்றார். பாதிப்பேர் குனிந்து பொறுக்கினார்கள். எண்ணினால் ஐம்பதோ அறுபதோ குறைந்தது. இன்னும் புளி உலுக்காத மரம் அது. பழத்தை உடைத்துக் கொட்டை எடுத்து ஈடு கட்டினார்கள். மணி எட்டரை. முகூர்த்தம் பதினொன்று. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட இருந்ததெல்லாம் காலையிலயே சொல்லிட்டேன்" என்றார் அக்கா. "இனிமே புதுசாத்தான் சொல்லணும். ஒங்க வூட்ல எத்தினி பேரு?"

"எதுக்கு?"

"பேரச் சொல்லுங்க."

ஏழுமலை சற்று யோசித்துவிட்டு அம்மா பெயரைச் சொன்னார். ஒரு கொட்டை. "இவங்க அம்மா பச்சையம்மாளுக்காக ஸ்தோத்திரம்." மனைவி பெயர். ஒரு கொட்டை. மூத்த பையன், சின்னவன். அதற்குள் மற்றவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். ஒருவன் தன் பெண்டாட்டி பெயரைச் சொல்ல வெட்கப்பட, இன்னொருவன் சொன்னான். "எங்க செவலைப் பசுவையும் சேத்துக்கோங்க, சினையா கீது" என்றான் பையைக் கவிழ்த்தவன். பசுவுக்கும் ஸ்தோத்திரம். ஒரு இளைஞன் மட்டும் விறைப்பாக, "நாங்க எதுக்கு ரோட்ல நிக்கிறோம்னு தெரியுமா? அதுக்குச் சொல்லுவியா?" என்றான். அக்கா தயங்கவில்லை. "இவங்க புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போவப் போறதுக்காக ஸ்தோத்திரம்." அடுத்த கொட்டையை எடுத்தார். "எங்க புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போவப் போறதுக்காகவும் ஸ்தோத்திரம்." கூட்டத்தில் யாரோ, "சரி, மேல போங்க" என்றார்.

இருநூறு தாண்டியிருக்கும். ஏழுமலை குனிந்து, மெல்லிய குரலில், "செல்வின்னு ஒண்ணு" என்றார்.

"பொண்ணா?"

"ம். போன வருசம் காய்ச்ச வந்து... இப்ப இல்ல. அது கணக்குல வராதுல்ல?"

அக்கா கொட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். "ஏன் வராது? எத்தினி வயசு?"

"நாலு."

"செல்வி பொறந்ததுக்காக ஸ்தோத்திரம். அந்த நாலு வருசத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரு கொட்டையும், பிறகு இன்னொன்றும் போட்டார். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல இந்தப் பேர யாரும் எடுக்கறதில்ல" என்றார். "எம் பொஞ்சாதி அழுவுதுன்னு எடுக்கறதில்ல." நான் கட்டப் பார்த்த அந்தகார வல்லமை அவர்தான். என் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "எங்க போறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை. கல்யாணம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டறவரு இவருதானா மாப்ள? ஒரு தாலியக் கட்றதுக்கா அம்மாங் கத்து?" முப்பது நாற்பது பேர் சிரித்தார்கள். எங்கள் வேனில் இருபது பேரும் சிரித்தார்கள். வெட்டிய கைகளே கயிறு போட்டு மரத்தை ஓரமாக இழுத்தன. வேன் நுழைந்ததும் மறுபடி குறுக்கே இழுத்துப் போட்டன. போராட்டம் போராட்டந்தான். மேலே இன்னும் மரங்கள் இருந்ததால் ஏழுமலையே வேன் படியில் தொற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பேசி வழி வாங்கிக் கொடுத்தார். அக்கா முன் சீட்டில் மலைப்பாதை முழுக்க எண்ணிக்கொண்டு வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் கொட்டைகள் சிந்தாமல் பையைப் பிடித்துக்கொண்டது யார் என்று கேட்காதீர்கள். கல்யாண மாப்பிள்ளை மடியில் மாலை இருக்க வேண்டும். என் மடியில் புளியங்கொட்டைப் பை இருந்தது.

வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. வாத்தியார் ஜெப வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ பேசாத" என்று தடுத்துவிட்டு அக்கா, "ஆயிரம்" என்று கடைசிக் கொட்டையைப் போட்டார். "மாப்ள வந்து சேந்ததுக்காக ஸ்தோத்திரம்." உள்ளேயிருந்து சுகந்தி சத்தமாக ஆமென் சொன்னாள். மணப்பெண் சத்தம் போடக் கூடாது என்று அவள் அத்தை கிள்ளியது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேசப்படுகிறது. முதல் பந்தியில் ஏழுமலை சாப்பிட்டார்.

நான் அதற்குப் பிறகும் யுத்த ஜெபத்தை விடவில்லை. பிறவிக் குணம். ஆனால் மனிதர்கள் பக்கம் கையை நீட்டியதில்லை. அக்கா அன்று முதல் தினமும் அந்த வீட்டின் பெயர்களைச் சொன்னார். பச்சையம்மாள், செல்வி, சினைப் பசு. அதன் கன்று, கன்றின் கன்று. ஏழுமலை ஒவ்வொரு வருடமும் புளி உலுக்கியதும் கொட்டை எடுக்காத புளி ஒரு பை கொண்டுவந்து மில் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை அடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே, தடி ஊன்றி, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். எம் பொஞ்சாதியும் போயிட்டா. புள்ளைங்களுக்குச் செல்வி மூஞ்சே நெனப்பில்ல. இனிமே செல்வி பேர யாரு சொல்லுவாங்க?"

யுத்த ஜெபத்தில் எனக்குப் பதில் இருக்காத கேள்வியே கிடையாது. அன்று, "நான் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிருபக்காவின் பை இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் மகள் கொடுத்தாள். அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். காலையில் கடை திறந்ததும் மடியில் கொட்டிக்கொண்டு செல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருக்கு ஆயிரம் வந்தது. எனக்கு முந்நூறு தாண்டுவதில்லை. நேற்றும் இருநூற்றுப் பதினேழில் எல்லாம் தீர்ந்துபோய், ஊசி, நூல், பாபின்வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரென்று தெரியாத ஒரு அம்மா ஜாக்கெட் துணியோடு வந்து, "அளவு எடுக்கணுங்க" என்றார். நான் ஒரு விரலை உயர்த்தினேன். பிறகு கேட்டேன்: "ஒங்க வூட்ல எத்தினி பேரு?"